கடைமடைக் கை

வரப்பில் உட்காரவைத்துத்தான்
கையில் பட்டையைக் கட்டினேன்.
நூற்றைம்பதுக்கு நூறு.
"இன்னும் ரெண்டு மா தான்க்கா, நட்டுட்டு வந்துர்றேன்"
என்றாள் அபயாம்பிகா.
ஏழாம் மாதம்.
முழங்கால் வரை ஏறியிருந்த சேறு
வீக்கத்தை மூடியிருந்தது.

வாய்க்காலில் கால் அலம்பச் சொல்லி
கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
நாற்றுப் பிடுங்கிய இடம்போல
அவசரமில்லாமல் தூர்ந்தது.
தலைவலி?
"வெயிலுக்கு வரும்."
கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்குதா?
"பறக்குதுக்கா. ஈசல்னு நெனச்சேன்."

அட்டையில் சிவப்பு மையால் ஒரு வட்டம்.
அதைத் தயங்காமல் போட
எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்
இதே ஊர், வடக்குத் தெரு, ஐப்பசி அடைமழை.
வண்டி சேற்றில் சிக்கி, நனைந்து,
வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன்.
மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
நார்மல் என்று எழுதினேன்.
பதிவேட்டில் இன்னும் இருக்கிறது
என் கையெழுத்து, கொஞ்சம் தண்ணீர் பட்டு.
இப்போது அவனைச்
சுவரில் சாய்த்துவைத்தால் உட்காருவான்.
அவன் அம்மா எப்போது பார்த்தாலும்
டீ குடிக்கிறீங்களா என்று கேட்பாள்.
ஒருநாளும் குடித்ததில்லை நான்.

அபயாம்பிகாவுக்குத் தஞ்சாவூரில்
முப்பத்திரண்டாம் வாரமே பிறந்துவிட்டான்.
ஏறக்குறைய ஒரு படி அரிசி எடை.
கண்ணைச் சோதிக்கக் கூட்டிப்போகச் சொன்னபோது
"ஆடிப்பெருக்கு கழிச்சுப் போவோமே" என்றான் சிங்காரவேலு.
காலண்டரை இறக்கி எண்ணிக் காட்டினேன்:
முப்பது நாளுக்குள் பார்க்கணும்,
உங்க பெருக்கு முப்பத்தோராவது நாள் வருது.
போனார்கள். கண் பிழைத்தது.

கார்த்திகையில்
சிவப்பு நூல்பந்தை அவன் முகத்துக்கு மேல் ஆட்டினேன்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
கண் கூடவே வந்தது.
மணி அடித்தேன், திரும்பினான்.
வலது கை பந்தை எட்டப் பார்த்தது.
இடது கை
கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டியபடி
அப்படியே கிடந்தது.
"கெட்டிக்காரன், பிடிச்சதை விடமாட்டான்"
என்று சிரித்தான் அப்பன்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

"குறைமாசப் புள்ள. தானா சரியாயிரும்.
எங்கண்ணனும் லேட்டாத்தான் நடந்தான்."

மேட்டூர் திறந்தா
உங்க வயலுக்குத் தண்ணி தானா வந்துருமா?

"எங்க வருது? கடைமடை. தூர் வாரணும்."

எப்ப வாருவீங்க?

வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தண்ணி வர்றதுக்கு முன்னாடி
என்று அவள்தான் சொன்னாள்.
அவன்
திருவாரூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

வாரம் ரெண்டு நாள்.
பஸ்ஸில் வாந்தி, கூலி போன கணக்கு,
"புள்ளைக்கு என்ன கொறை" என்று கேட்கும் பக்கத்து சீட்.
அங்கே கற்றுக்கொடுத்ததை வீட்டில் செய்தாள்.
கொஞ்ச நேரம் வலது கைக்கு ஒரு காலுறை,
இடது கைக்கு
கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் சத்தம்,
உள்ளங்கையில் தேய்க்க ஒரு சொரசொரத் துணி.
சில நாள் அழுதது அவன். சில நாள் அவள்.

பங்குனியில் போனேன்.
மடியில் கிடந்தவன்
என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.
இடது கை.
மூன்று விரல். சுண்டுவிரல் பாதி.
கட்டைவிரல் இன்னும் வரவில்லை.
அப்படியே எழுதினேன், விரல் விரலாக.
இப்போதெல்லாம்
நார்மல் என்ற சொல்லை எழுதுமுன்
பேனாவை ஒருமுறை மூடித் திறக்கிறேன்.

திரும்பும்போது வடக்குத் தெருவில் வண்டியை நிறுத்தினேன்.
ஆறு வயசுக்கும் அங்கே ஏதோ செய்கிறார்கள்,
எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன்.
பஸ் நேரம் சொன்னேன்.
அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.
குடித்தேன்.